கவுன்சலர் ஆக எந்தப் படிப்பு? தமிழ்நாட்டில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. மன ஆலோசனை சொல்லும் கவுன்சலருக்கென்று நம் நாட்டில் அப்படி ஒரே ஒரு வாசல் இருந்ததில்லை. இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்தவரும், இரண்டு சனி ஞாயிறு ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவரும் ஒரே தெருவில் ஒரே மாதிரி பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் எதிரே உட்கார்ந்து சொல்லும்போதுதான், படித்தது எவ்வளவு, பழகியது எவ்வளவு என்பது தெரியவரும். அதனால் எந்தப் படிப்பு மலிவு, எது சீக்கிரம் முடியும் என்று பார்த்து இந்தத் துறைக்கு வருவது எனக்கு உடன்பாடில்லை. வழிகளை வேறு அளவுகோலால் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சட்டம். மூன்று சட்டங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வது இந்தக் கவுன்சிலைத்தான். மனநோய்களைப் பரிசோதித்து உளவியல் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் அந்தப் பெயரில் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். இரண்டாவது, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார், மனநல சமூகப் பணியாளரான சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்கர் யார், மனநல செவிலியர் யார் என்று இது தனித்தனியாக வரையறுக்கிறது. கவுன்சலருக்கு அதில் வரையறை கிடையாது. மூன்றாவது, 2021இல் வந்த தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம். கவுன்சலர்களுக்கு இதுவரை கிடைத்த பெரிய அங்கீகாரம் இதுதான். ஆர்.சி.ஐ.யின் கீழ் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நீங்கலாக மற்ற சைக்காலஜிஸ்டுகள், நடத்தைநலக் கவுன்சலர்கள், மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள், எச்.ஐ.வி. கவுன்சலர்கள் எல்லோரையும் இதன் அட்டவணை ஒரே பிரிவில் சேர்த்திருக்கிறது. மாநில கவுன்சில், மாநிலப் பதிவேடு, தேசியப் பதிவேடு என்பதே இந்தச் சட்டத்தின் ஏற்பாடு. இன்று படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் நாளைக்கு இந்தப் பதிவேட்டின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதை யோசிக்க வேண்டும்.

இனி அளவுகோல். பிரிட்டனிலும் கவுன்சலர் என்ற பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பி.ஏ.சி.பி. என்ற தொழில் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. அதில் சேர, படிக்கும்போதே குறைந்தது 100 மணி நேரம் மேற்பார்வையோடு கிளையன்ட்களைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் மேலே, அக்ரெடிட்டட் உறுப்பினர் என்ற தகுதிக்கு 450 மணி நேரம். அந்தத் தகுதி வந்தபிறகும் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒரு மூத்தவரிடம் சூப்பர்விஷனுக்குப் போயாக வேண்டும். எத்தனை பாடம் படித்தாய் என்பதைவிட எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர் எதிரே உட்கார்ந்தாய், அதை யார் பார்த்துத் திருத்தினார்கள் என்பதே அங்கே கேள்வி. நம் ஊர்ப் படிப்புகளையும் இந்த ஒரு கேள்வியால் அளக்கலாம். என் கணக்கில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆர்.சி.ஐ. வழி

ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும், நோயைக் கண்டறியும் பரிசோதனைகள் செய்ய வேண்டும், ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு, ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோய் போன்ற கடுமையான நிலைகளில் இருப்பவர்களோடு பணியாற்ற வேண்டும் என்றால் இந்த வழிதான். இதுவரை இதற்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜிக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். தேவைப்பட்டது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டியிருந்தது. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வில் போட்டி கடுமை. பெங்களூரு நிம்ஹான்ஸ் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நம் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனம், போரூர் ராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம். ஆகியவை இதை நடத்தி வந்திருக்கின்றன.

இந்த வழி இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜி, சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் இரண்டுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. அதன் இடத்தில் நான்கு வருட பி.எஸ்சி. ஆனர்ஸ், இரண்டு வருட எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, அதற்கும் மேல் சை.டி. என்னும் உளவியல் முனைவர் பட்டம் என்று ஆர்.சி.ஐ. புதிய படிகளைக் கொண்டுவந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தத் துறைதான் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு இந்தப் புதிய வரிசை நல்லது, தொடக்கத்திலிருந்தே பதிவேட்டின் பாதையில் போய்விடலாம். ஆனால் ஒரு கல்லூரி ‘கிளினிக்கல் சைக்காலஜி’ என்று பெயர் வைத்து நடத்துவதாலேயே அது ஆர்.சி.ஐ. படிப்பு ஆகிவிடாது. கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், எந்த ஆண்டு வரை அனுமதி என்று மூன்றையும் அதில் பார்த்துவிட்டு மட்டுமே பணம் கட்டுங்கள்.

கவுன்சலர் ஆவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா? வேண்டியதில்லை. குடும்பச் சிக்கல், துக்கம், பரீட்சை பயம், வேலை அழுத்தம், உறவுமுறிவு ஆகியவற்றோடு வருபவர்களுடன் உட்கார விரும்புகிறவருக்குத் தேவைப்படுவது வேறு வகைப் பயிற்சி.

ரெகுலர் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி

பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சென்னைப் பல்கலைக்கழக உளவியல் துறை, எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா கல்லூரி, ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. இரண்டு வருடம், முழுநேரம். வகுப்பில் ஒருவர் கிளையன்ட்டாகவும் ஒருவர் கவுன்சலராகவும் உட்கார, மற்றவர்கள் சுற்றி இருந்து கவனிப்பார்கள். எந்த இடத்தில் அவசரப்பட்டு அறிவுரை சொன்னோம், எந்த இடத்தில் அழுகையைத் தாங்க முடியாமல் பேச்சை மாற்றினோம் என்று ஆசிரியர் நிறுத்திக் காட்டுவார். புத்தகத்தில் இது வராது. பிறகு இன்டர்ன்ஷிப். பேசியதை வரிக்கு வரி எழுதி, அதை வைத்து சூப்பர்வைசரோடு உட்காருவது. முதல் சில மாதம் தன் எழுத்தைத் தானே படிக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தோடு திரும்பத் திரும்ப உட்கார்ந்தவர்கள்தாம் நல்ல கவுன்சலர்கள் ஆகிறார்கள்.

குறைகளும் உண்டு. இளங்கலையில் சைக்காலஜி படிக்காதவரைச் சில இடங்களில் எடுப்பார்கள், சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். தனியார் கல்லூரிகளில் கட்டணம் அதிகம். இன்னொன்று, கல்லூரிக்குக் கல்லூரி இன்டர்ன்ஷிப்பின் தரம் வெகுவாக மாறுகிறது. ஓரிடத்தில் மாணவர் உண்மையாகவே கிளையன்ட்களோடு உட்காருகிறார். இன்னோர் இடத்தில் ஒரு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேஸ் ஷீட் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். சான்றிதழில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே சேருவதற்கு முன் அங்கே இறுதியாண்டு படிப்பவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். ‘நீங்களே தனியாக எத்தனை செஷன் எடுத்தீர்கள்? யார் சூப்பர்விஷன் கொடுத்தார்கள்? வாரம் ஒருமுறையா, செமஸ்டருக்கு ஒருமுறையா? செஷன் தமிழில் நடந்ததா?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். ரோல்ப்ளே முழுக்க ஆங்கிலத்தில் பழகிவிட்டு, ‘நெஞ்ச அடைக்குது, ராத்திரி தூக்கமே இல்ல, யார்கிட்டயும் சொல்ல முடியல’ என்று வரும் அம்மாவின் முன்னால் வாயடைத்துப்போகும் புதியவர்கள் நிறைய.

எம்.எஸ்.டபிள்யூ.: கவனம் கிடைக்காத நல்ல வழி

கவுன்சலிங் என்றவுடன் யாரும் சமூகப்பணிப் படிப்பை நினைப்பதில்லை. எனக்கு இது வருத்தம். மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் சிறப்புப் பாடத்தோடு எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்கு இருக்கும் கள அனுபவம் பல சைக்காலஜி பட்டதாரிகளுக்கு இருப்பதில்லை. காரணம் எளியது. எம்.எஸ்.டபிள்யூ.வில் இரண்டு வருடமும் வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் முழுநேரக் களப்பயிற்சி. ஒவ்வொரு வாரமும் அறிக்கை எழுதி, ஆசிரியரோடு தனியே உட்கார்ந்து பேச வேண்டும். மேற்பார்வையோடு செய்யும் பயிற்சிதான் அளவுகோல் என்றால், இந்தப் படிப்பின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

இன்னொரு பலன், கிளையன்ட்டை அவருடைய வீட்டோடும் வருமானத்தோடும் சாதியோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வரும் பெண்ணுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன பயன்? பாதுகாப்பு அலுவலர் யார், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர் எங்கே, பிள்ளைகளை எங்கே விடுவது என்பதும் கவுன்சலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம், போதை மீட்பு மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையங்கள் என்று அரசு சார்ந்த வேலைகளில் சமூகப்பணிப் பட்டத்துக்கு இடம் இருக்கிறது. 2021 சட்டத்தின் அட்டவணையிலும் இவர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், ஸ்டெல்லா மாரிஸ், மதுரை இன்ஸ்டிடியூட் ஆஃப் சோஷியல் சயின்சஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. என்று சென்னைக்கு வெளியிலும் கல்லூரிகள் உண்டு. எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் பெரும்பாலும் சேரலாம் என்பது கூடுதல் வசதி.

பற்றாக்குறை என்ன என்றால், சிகிச்சை முறைகளில் ஆழம் போதாது. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி., குடும்ப சிகிச்சை, துயர ஆலோசனை ஆகியவற்றைப் பெயரளவில் தொட்டுவிட்டுப் போவார்கள். அதைப் படிப்புக்குப் பிறகு தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அஞ்சல்வழி, டிப்ளமா, சான்றிதழ்

வேலையில் இருப்பவர்களுக்கும், வீட்டை விட்டு நகர முடியாத பெண்களுக்கும் பல வருடங்களாகக் கைகொடுத்தது அஞ்சல்வழி எம்.ஏ., எம்.எஸ்சி. சைக்காலஜிதான். இக்னோ, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி என்று எத்தனையோ பேர் அப்படித்தான் இந்தத் துறைக்குள் வந்தார்கள். அந்தக் கதவு இப்போது மூடிவிட்டது. 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, சைக்காலஜி உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறைகளில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டிருக்கிறது. இன்னமும் ‘வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி, கவுன்சலர் ஆகலாம்’ என்று விளம்பரம் வந்தால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே அப்படிப் படித்து முடித்தவர்கள் மனம் தளர வேண்டாம். பாட அறிவு இருக்கிறது, களம்தான் பாக்கி. ஒரு போதை மீட்பு மையத்திலோ தொண்டு நிறுவனத்திலோ ஓராண்டு சூப்பர்விஷனோடு வேலை பார்ப்பது இன்னொரு பட்டம் வாங்குவதைவிட அவர்களுக்குப் பயன்படும். இந்த உத்தரவு சரியா என்று கேட்டால், பயிற்சியில்லாமல் பட்டம் கொடுப்பதைத் தடுத்தது சரி. ஆனால் மாலைநேர, பகுதிநேரப் படிப்பு என்ற மாற்று ஏற்பாட்டைச் செய்யாமல் மூடியதால், குடும்பப் பொறுப்பு உள்ள பெண்கள்தாம் வெளியே நிற்கிறார்கள்.

ஓராண்டு டிப்ளமாக்களில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது ஒன்றுதான். பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து மத்திய அரசின் பள்ளிக்கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமா. முதல் ஆறு மாதம் இருந்த இடத்திலிருந்தே படிப்பு, அடுத்த மூன்று மாதம் நேரடி வகுப்பு, கடைசி மூன்று மாதம் இன்டர்ன்ஷிப். நமக்குப் பக்கத்தில் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் நடக்கிறது. ஆசிரியருக்குப் பிள்ளைகளைத் தெரியும், பெற்றோரைத் தெரியும். அதன் மேல் இந்தப் பயிற்சி உட்காரும்போது நன்றாக வேலை செய்கிறது. பள்ளிகளில் தேவையும் கூடியிருக்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் தகுதியுள்ள கவுன்சலர், சைக்காலஜிஸ்ட் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறை வகுத்தது.

தனியார் நிறுவனங்களின் டிப்ளமாக்களில் நல்லவையும் இருக்கின்றன. ஏற்கெனவே செவிலியர், ஆசிரியர், அருட்சகோதரி, எச்.ஆர். அதிகாரி என்று மனிதர்களோடு வேலை செய்தவருக்கு அவை உதவும். ஆனால் ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், யார் கொடுத்த அங்கீகாரம், அந்த அமைப்பு எந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது என்று கேளுங்கள். சங்கங்கள் தாமாகக் கொடுக்கும் உறுப்பினர் அட்டை வேறு, சட்டப்படியான பதிவு வேறு.

குறுகியகாலச் சான்றிதழ் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காது கொடுத்துக் கேட்கப் பழகிக்கொள்ள உதவும், அதை வைத்துத் தொழில் தொடங்கக் கூடாது. இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க விரும்பினால், அதைவிட நல்ல வழி தன்னார்வப் பணி. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தாம் அழைப்புகளை ஏற்கிறார்கள். அப்படி ஓரிடத்தில் சில மாதம் இருந்து பார்த்தால், இரண்டு வருடத்தையும் பணத்தையும் போடலாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

யார் எதை எடுக்கலாம்

இருபத்திரண்டு வயது, பி.எஸ்சி. சைக்காலஜி, வீட்டில் இரண்டு வருடம் படிக்க வைக்க முடியும் என்றால் ரெகுலர் எம்.எஸ்சி. கவுன்சலிங். அதே வயது, வேறு பட்டம், மாவட்டத் தலைநகரில் வீடு, சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. முப்பத்தெட்டு வயதில் வங்கி வேலையில் இருந்துகொண்டு மனசு இந்தப் பக்கம் இழுக்கிறது என்றால், உடனே வேலையை விட வேண்டாம். முதலில் தன்னார்வப் பணி, பிறகு நல்ல டிப்ளமா. அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் விடுப்பு எடுத்தாவது ரெகுலர் பட்டம். பட்டம் இல்லாத டிப்ளமாவை மட்டும் நம்பித் தனியாக கிளினிக் திறப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வரப்போகும் பதிவேட்டில் அவர்கள் நிலை பலவீனமாக இருக்கும்.

எந்த இடத்தில் சேர்ந்தாலும் இரண்டு விஷயம் சொல்லித்தருகிறார்களா என்று பாருங்கள். ஒன்று, தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் நேரடியாக எப்படிக் கேட்பது, எப்போது சைக்கியாட்ரிஸ்டிடம் அனுப்புவது. இன்னொன்று, ரகசியம் காப்பதற்கு எல்லை எது என்பது. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது தெரியவந்தால் கவுன்சலரும் காவல்துறைக்குத் தகவல் தந்தாக வேண்டும், தராவிட்டால் அதுவே குற்றம். இதைப் பாடத்திட்டத்தில் வைக்காத படிப்பு, எவ்வளவு அழகான கட்டடத்தில் நடந்தாலும் வேண்டாம்.

படிப்பு முடிந்த முதல் இரண்டு வருடத்தைத் தனியாகத் தொழில் தொடங்கி வீணாக்காமல் ஒரு குழுவுக்குள் இருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைப்பதற்கில்லை. போதை மீட்புக்கான அடையாறு டி.டி.கே. மருத்துவமனை, மனநலத் தொண்டு நிறுவனங்களான ஸ்கார்ஃப், பான்யன், மதுரை எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்களில் டாக்டர், சமூகப் பணியாளர், கவுன்சலர் மூவரும் ஒரே கேஸைச் சேர்ந்து பேசுவதைக் கேட்டுக் கற்பதற்கு ஈடு கிடையாது. பின்னால் தனியாக கிளினிக் வைத்தாலும் சூப்பர்விஷனுக்கென்று மாதச் செலவில் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, காகிதங்கள். இன்டர்ன்ஷிப் தொடங்கும் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போட்டு, தேதி, நேரம், தனிநபரா குழுவா, என்ன வகைப் பிரச்சினை, சூப்பர்விஷன் எவ்வளவு நேரம் என்று எழுதி வாருங்கள். கிளையன்ட் பெயர் எழுத வேண்டாம், எண் போதும். மாதம் ஒருமுறை சூப்பர்வைசர் கையெழுத்தும் நிறுவனத்தின் முத்திரையும் வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து அவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், நிறுவனத்தில் ஆள் மாறியிருக்கும். அதோடு நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்ட நகல் ஒன்றையும் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு ஒரே ஃபைலில் வையுங்கள். பதிவுக்கோ, வெளிநாட்டுத் தகுதி மதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இவைதான் கைகொடுக்கும்.